குப்பை என்று நாங்கள் தள்ளிய மனு

“மூணு தபா மெயில் போட்டேண்ணா. நீங்களும் பாக்கலையா?”

2016 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அம்பத்தூர் ஓ.டி.யில் முதல் மாடியில் இருக்கும் எங்கள் ஒற்றை அறைக்கு வந்த ஒருவர் இப்படிக் கேட்டார். பூந்தமல்லியைத் தாண்டி ஓர் ஏரிக்கரையோரக் குடியிருப்பு அவருடையது. பெயின்ட் வேலை செய்பவர். வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஓர் அலுவலகம் சுவரில் ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸைக் கைபேசியில் படமெடுத்து எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். பதில் இல்லை. மறுபடி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது தடவையும் அனுப்பிவிட்டு, இவர்களுக்கும் வேறு வேலை வந்துவிட்டது போலிருக்கிறது என்று இருந்துவிட்டார். அவர் எங்கள் படியேறிய அன்று நோட்டீஸில் குறித்த கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கரையை ஒட்டிய முதல் வரிசை வீடுகள் இடிந்து கிடந்தன.

மீதி வீடுகளுக்கு நீதிமன்றத்தில் கொஞ்சம் கால அவகாசம் வாங்க முடிந்தது. அது வேறு கதை, இங்கே வேண்டாம். எங்களை இன்றுவரை உறுத்துவது அவர் கேள்வியில் இருந்த அந்த ‘உம்’. நீங்கள் பார்க்கவில்லையா என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லையா என்று கேட்டார். அதற்கு முன் அவர் மனுவோடு ஏறி இறங்கிய அலுவலகங்களின் வரிசையில் எங்களையும் கொண்டுபோய் நிறுத்திய கேள்வி.

மெயில் எதுவும் வரவில்லையே என்றுதான் முதலில் சொன்னோம். அவர் கைபேசியைத் திறந்து காட்டினார். மூன்றும் ‘அனுப்பியவை’ பகுதியில் இருந்தன. திரும்பி வந்ததாக எந்தத் தகவலும் இல்லை. அப்படியானால் அவை எங்கள் சர்வர் வரை வந்திருக்க வேண்டும். எங்கள் வாசலுக்குள் வந்தபிறகுதான் காணாமல் போயிருக்க வேண்டும்.

எங்களுக்கு எதற்குச் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் என்று கேட்பீர்கள். 2015 டிசம்பர் வெள்ளம்தான் காரணம். அப்போது கொரட்டூர் பக்கம் தரைத்தளத்தில் இருந்தோம். பத்தாண்டு மனுக்கள், முதல் தகவல் அறிக்கை நகல்கள், மருத்துவச் சான்றுகள் எல்லாம் ஒரே இரவில் கூழாகிப்போயின. தண்ணீர் வடிந்தபின் மொட்டை மாடியில் தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தோம். பாதிக்கு மேல் எழுத்து ஓடிவிட்டது. இனி எல்லாம் மின்னஞ்சலில், நகலெடுத்து, சர்வரில் என்று அங்கேயே முடிவு செய்தோம். இலவச மெயில் கணக்கு போதாதா என்றால், போதாது. ஒருநாள் திடீரென்று கணக்கை முடக்கிவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? பாதிக்கப்பட்ட பெண்களின் பெயரும் முகவரியும் உள்ள கடிதங்களை எவனோ ஒருவனின் கம்பெனியில் வைப்பதிலும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

எங்களில் ஒரு தம்பி அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவுப் பணி பார்ப்பவன். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் அவன்தான் இதைச் செய்து கொடுத்தான். மாத வாடகைக்கு ஒரு சின்ன சர்வர், அதில் உபுண்டு, மெயிலை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைத் திறந்து படிக்க டவ்காட். அவனைத் தவிர எங்களில் யாருக்கும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டத் தெரியாது. எனவே வெப்மின் போட்டான். ஜேமி கேமரன் என்கிற ஆஸ்திரேலியர் 1997இல் தொடங்கிய கருவி அது. சர்வரின் உள்ளமைப்பையெல்லாம் பிரௌசரில் திறக்கிற பக்கங்களாக, கட்டங்களும் பட்டன்களுமாகக் காட்டும். வக்கீல் குமாஸ்தாவாக இருந்த தோழர்கூட ஒரே வாரத்தில் புதிய மெயில் கணக்குத் திறக்கக் கற்றுக்கொண்டார். அந்த அளவுக்கு அது நல்ல கருவிதான். பட்டனாக இருப்பது எதுவும் பெரிய முடிவாகத் தெரியாது என்பதுதான் அதன் ஆபத்து.

சர்வர் ஓடத் தொடங்கி இரண்டாவது மாதமே குப்பை கொட்டத் தொடங்கியது. லாட்டரி, மாத்திரை, ஆப்பிரிக்க இளவரசரின் சொத்து, வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது என்ற மிரட்டல். எங்கள் முகவரி துண்டறிக்கைகளில் அச்சானது, சுவரொட்டியிலும் இருக்கும். ஒளிக்க முடியாது, ஒளிக்கவும் கூடாது. ஒருநாள் காலையில் இருநூறு முந்நூறு குப்பைக்கு நடுவே இரண்டு மனுக்களைத் தேடினோம். பெட்டிக்குப் பெட்டி தனித்தனியாக வடிகட்டி வைப்பது நடக்கிற காரியமில்லை. மொத்த சர்வருக்கும் ஒரே வடிகட்டி என்று முடிவாயிற்று.

அதற்குத் தம்பி தேர்ந்தெடுத்தது ஸ்பாம்அசாசின். பெயரே ‘குப்பைக் கொலையாளி’. ஜஸ்டின் மேசன் 2001இல் வெளியிட்டது, பிறகு அப்பாச்சி அறக்கட்டளையிடம் போனது, இலவசம். வெப்மினில் அதற்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. வேலை செய்கிற முறையும் எளிது. வருகிற ஒவ்வொரு மெயிலையும் சில நூறு விதிகளால் தட்டிப் பார்க்கும். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தா, இத்தனை புள்ளி. உள்ளே எழுத்தில்லாமல் படம் மட்டுமா, இத்தனை புள்ளி. அனுப்பிய கணினியின் முகவரி ஏதாவது கறுப்புப் பட்டியலில் உள்ளதா, இத்தனை. மொத்தம் ஐந்தைத் தொட்டால் குப்பை. ஐந்து என்பது அவர்கள் வைத்த எல்லை. வெப்மின் பக்கத்தில் ஒரு கட்டத்தில் அதை மாற்றிக்கொள்ளலாம். சில குப்பைகள் நான்கரையில் தப்பி வருவதைப் பார்த்து நாங்கள் அதை மூன்றாக்கினோம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரில் கொலை இருந்தாலும் ஸ்பாம்அசாசின் எந்த மெயிலையும் கொல்வதில்லை. இது குப்பை, இன்னின்ன காரணத்தால், இத்தனை புள்ளி என்று மெயிலின் நெற்றியில் எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். அதை என்ன செய்வது என்பது நம் கையில். புரோக்மெயில் என்கிற பட்டுவாடாக்காரனிடம் நாம் சொல்லி வைக்க வேண்டும். வெப்மினில் அதற்கொரு பக்கம்: குப்பை என்று முடிவானதை வழக்கம்போலப் பெட்டியில் போடவா, தனிக் கோப்பில் எழுதவா, தூக்கி எறியவா? நாங்கள் ஏழு பேரும் திரையைச் சுற்றி நின்றோம். தூக்கி எறிவதைத் தொட்டு, சேமி என்று அழுத்தியது எங்கள் எல்லோருடைய கைதான். ஒருவர்கூட, ஒருவேளை தப்பாக இருந்தால் என்று கேட்கவில்லை. முந்நூறு குப்பையைத் தினம் பார்த்த எரிச்சல்.

சோதித்தும் பார்த்தோம், பார்க்காமல் இல்லை. முதல் நாள் வடிகட்டி அசையவே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் புரோக்மெயிலைக் கூப்பிடாமல் தானே நேராகப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வரியைத் திருத்தினோம். பிறகு ஒவ்வொரு மெயிலுக்கும் பெர்ல் புதிதாகக் கிளம்பி சர்வர் திணறியது. ஸ்பாம்டி என்று ஒன்றை நிரந்தரமாக ஓடவைத்து அதைச் சரிசெய்தோம். கடைசியில் ஜிடியூப் என்ற சோதனை வரியை அனுப்பிப் பார்த்தோம். அந்த வரி உள்ள மெயிலுக்கு ஸ்பாம்அசாசின் ஆயிரம் புள்ளி போடும். போட்டது. மெயில் மறைந்தது. கைதட்டினோம். திருடனைப் பிடிக்கிறதா என்று பார்த்தோமே தவிர, அண்டை வீட்டுக்காரரை உள்ளே விடுகிறதா என்று பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு, பெயின்ட் வேலைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சர்வரின் பதிவேட்டைத் திறந்தோம். நான்கு வாரப் பதிவுதான் தங்கும். அவருடைய முதல் மெயிலுக்கு மூன்று வாரம் ஆகியிருந்ததால் மூன்று வரிகளும் கிடைத்தன. மெயில்கள் கிடைக்கவில்லை. அவை ஏன் எறியப்பட்டன என்ற கணக்கு மட்டும் இருந்தது.

முதல் மெயிலின் தலைப்பு ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில். அவசரம், உதவுங்கள் என்று. அவருடைய மகள் பத்தாம் வகுப்பு, அவள்தான் தட்டியிருக்கிறாள். அவசரத்தைப் பெரிய எழுத்தில் சொல்வது அவளுக்கு இயல்பு. விதிக்கு அது குற்றம். உள்ளே நான்கு படங்கள், ஒரு சொல்கூட இல்லை. கையால் எழுதிய மனுவைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் வேறு எப்படி அனுப்புவார்கள்? இரண்டுமாகச் சேர்ந்து மூன்றைத் தாண்டிவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் தமிழில் எழுதியவை. அவை விழுந்ததற்குக் காரணம் அவை தமிழாக இருந்தது.

நம்ப முடிகிறதா? எங்களாலும் முடியவில்லை. தம்பிதான் தலையில் அடித்துக்கொண்டு கண்டுபிடித்தான். இணையத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் போட்டிருந்த அமைப்புக் கோப்பு ஒன்றை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான். அதில் ‘ஏற்கும் மொழிகள்: ஆங்கிலம்’ என்று ஒரு வரி. ஸ்பாம்அசாசினுக்குள் மொழியை அடையாளம் காணும் பகுதி ஒன்று இருக்கிறது. அதன் பட்டியலில் தமிழும் உண்டு. நாம் ஏற்பதாகச் சொல்லாத மொழியில் கடிதம் வந்தால் ‘வேண்டாத மொழி’ என்று கிட்டத்தட்ட மூன்று புள்ளி. அமெரிக்காவில் சீன மொழிக் குப்பையால் நொந்துபோன ஒருவருக்கு அது சரியான வரி. அம்பத்தூரில் தமிழ்நாட்டு மக்களின் மனு வாங்கும் சர்வரில், தமிழை வேண்டாத மொழி என்று நாங்களே அறிவித்து மூன்று மாதம் ஓட்டியிருக்கிறோம். அந்த மூன்று மாதத்தில் வேறு யார் யார் எழுதினார்கள், என்ன ஆனார்கள் என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. ஓர் அறிவிப்பு ஒட்டினோம், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தோம். இரண்டு பேர் நாங்களும் போட்டோம் என்றார்கள். அவ்வளவுதான் தெரிந்தது.

வழக்கறிஞரான எங்கள் தங்கை அன்றிரவு எடுத்துக் காட்டியது இன்னும் கசப்பு. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 13. மின்னணு ஆவணங்களைப் பெற ஒரு கணினியை ஒருவர் குறித்து வைத்திருந்தால், ஆவணம் அந்தக் கணினிக்குள் நுழைந்த நேரமே அது அவருக்குக் கிடைத்த நேரம். அதாவது சட்டத்தின் கண்ணில் அந்த மூன்று மனுக்களும் எங்களுக்குக் கிடைத்துவிட்டன. வாங்கிக்கொண்டோம், கிழித்துப் போட்டோம்.

இந்தச் செய்கைக்கு நாங்கள் வேறிடத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். காவல் நிலையத்தில் மனுவை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டு, சி.எஸ்.ஆர். ரசீது கேட்டால் ‘போய்ட்டு நாளைக்கு வா’ என்று அனுப்புவது. எத்தனை நிலைய வாசல்களில் அந்த ரசீதுக்காக உட்கார்ந்திருக்கிறோம்! வாங்க மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னால்கூட ஒரு வழி உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, ஐந்தாவது விதி, நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் எழுத்து மூலம் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம் என்கிறது. மறுப்பு தெரிந்தால்தானே அடுத்த படிக்குப் போக முடியும்? வாங்கிக்கொண்டு மௌனமாக இருப்பவனிடம்தான் மனுதாரர் நாள்களை இழக்கிறார்.

அன்றே ‘தூக்கி எறி’யை எடுத்தோம். எல்லையை மீண்டும் ஐந்தாக்கினோம். மொழி வரியை அழித்தோம். குப்பை என்று குறிபட்டதெல்லாம் ஒரு தனிப் பெட்டியில் முப்பது நாள் இருக்கும். தினம் ஒருவர் பார்க்க வேண்டும்.

அடுத்த யோசனை, குப்பைப் பெட்டிக்குப் போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் சி.எஸ்.ஆர். போலத் தானாக ஒரு பதில் அனுப்பினால் என்ன? குமாஸ்தாத் தோழரின் யோசனை, கேட்கும்போதே இனித்தது. தம்பி மறுத்தான். குப்பை மெயிலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். எவரோ ஒருவரின் முகவரியைத் திருடி ஒட்டியிருப்பார்கள். நாம் அனுப்பும் ரசீதெல்லாம் சம்பந்தமில்லாதவர்கள் வீட்டில் போய் விழும். நம் சர்வரே குப்பை அனுப்புவதாகப் பெயர் வாங்கும். ரசீது கொடுக்க முடியாது. ஆனால் வாசலிலேயே மறுக்க முடியும் என்றான். மெயிலை முழுசாக ஏற்றுக்கொள்வதற்கு முன்பே, அனுப்பும் சர்வர் இன்னும் எதிர்முனையில் காத்திருக்கும்போதே, புள்ளி போட்டுப் பார்த்து ‘ஏற்கவில்லை’ என்று சொல்லிவிடுவது. அப்போது அந்த மறுப்பைத் தன் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது அனுப்பிய சர்வரின் பொறுப்பு. உண்மையான மனிதராக இருந்தால் உடனே அவருக்குத் தெரிந்துவிடும்.

வெப்மினின் அந்தப் பகுதியில் இதற்குப் பட்டன் இல்லை. புரோக்மெயில் வேலை செய்வது மெயில் உள்ளே வந்த பிறகு. வாசலில் நிற்க மில்டர் என்று வேறொன்று வேண்டும். ஸ்பாமாஸ்-மில்டரை நிறுவி, கறுப்புத் திரையில் கையால் எழுதி, பதினைந்து புள்ளியைத் தாண்டினால் மட்டும் மறுக்கச் சொன்னோம். ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவில் உள்ளது குப்பைப் பெட்டிக்கு. புரோக்மெயில் இரண்டாம் தடவை புள்ளி போடாமல் நெற்றியில் எழுதியிருப்பதை மட்டும் படித்துப் பிரித்துப்போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மெயிலுக்கு இரட்டை வேலை. மறுப்பு வாசகத்தை நாமே எழுதிக்கொள்ளலாம், ஆனால் அந்த வரியில் ஆங்கில எழுத்து மட்டுமே செல்லுபடி. ஆகவே ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினோம்: உங்கள் மெயில் எங்களுக்கு வரவில்லை, இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று. கீழே அலுவலகக் கைபேசி எண். பார்க்க அசிங்கமான வரிதான். முதல் மாதம் அந்த எண்ணுக்கு நான்கு பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் மெத்தை வியாபாரி.

இதில் ஒரு கேலிக்கூத்தும் நடந்தது. வாசலில் ஆளை நிறுத்திய மறுநாள் முதல் எங்கள் தோழர் ஒருவர் பட்டாபிராமில் தன் வீட்டிலிருந்து அனுப்பிய மெயில்களெல்லாம் குப்பைப் புள்ளி வாங்கின. அவருடைய டாங்கிள் இணைப்பின் ஐ.பி. முகவரி ஸ்பாம்ஹாஸின் பட்டியல் ஒன்றில் இருந்தது. அது தப்பு செய்தவர்களின் பட்டியல் இல்லை. வீட்டு இணைப்புகளுக்குத் தரப்படும் முகவரிகள் இவை, இவற்றிலிருந்து நேராக மெயில் வரக்கூடாது என்று மொத்தமாக வகைப்படுத்தி வைத்த பட்டியல். தொழில்நுட்பத்தில் அதற்கு நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறோம். வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள்தான் உலகத்தின் குப்பையில் பெரும்பங்கை அனுப்பிக்கொண்டிருந்தன. ஆனாலும் நீ என்ன செய்தாய் என்று கேட்காமல் எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று மட்டும் கேட்கிற பட்டியல் எங்களுக்குப் புதிது இல்லை. வேலைக்கான நேர்காணலில் முகவரியில் ‘காலனி’ என்று படித்ததும் நிமிர்ந்து பார்க்கிற கண்களை அறிந்தவர்கள் நாங்கள். பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே வந்தவர்களை மில்டர் சோதிக்க வேண்டாம் என்று ஒரு சொடுக்கில் அது சரியாயிற்று. வாழ்க்கையில் அந்தச் சொடுக்கு இல்லை.

எங்கள் சர்வரின் முகவரியே வேறொரு கறுப்புப் பட்டியலில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு முன் அந்த முகவரியில் குடியிருந்தவன் குப்பை அனுப்பியவனாம். படிவம் நிரப்பி, இரண்டு நாள் காத்திருந்து வெளியே வந்தோம்.

எல்லாவற்றையும்விட எங்களைத் தூங்கவிடாமல் செய்தது அடுத்த வருடம் நடந்தது. ஸ்பாம்அசாசினுக்குள் விதிகளைத் தவிர பேயஸ் என்று ஒரு கற்கும் பகுதி இருக்கிறது. 2002இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை ஒன்றின் மூலம் பரவலான முறை. இது குப்பை, இது நல்லது என்று நாம் காட்டக் காட்ட, எந்தச் சொல் எதில் அதிகம் வருகிறது என்று அது எண்ணி வைத்துக்கொள்ளும். குறைந்தது இருநூறு குப்பையும் இருநூறு நல்ல கடிதமும் காட்டினால்தான் வாய் திறக்கும். குப்பை ஒரே நாளில் சேர்ந்துவிட்டது. நல்ல கடிதங்களை, அதுவும் தமிழில், இருநூறு சேர்க்க மாதங்கள் ஆயின. வெள்ளத்தில் தப்பிய மனுக்களையெல்லாம் தட்டச்சு செய்துகூடக் காட்டினோம். அதிலும் ஒரு கோளாறு. அன்றைய பதிப்பு எழுத்தைப் பார்க்கவில்லை, பைட்டைப் பார்த்தது. யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட். சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் விழுங்கியது. வானவில், பாமினி எழுத்துருக்களில் வந்த பழைய கடிதங்களோ அதற்கு வெறும் கிறுக்கல். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்களின் கடிதத்தைத்தான் அது நன்றாகக் கற்றுக்கொண்டது. 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பில்தான் பிறமொழி எழுத்துகளைக் கையாள்வது பெரிதும் சீர்ப்பட்டது.

நடந்தது இதுதான். ஒரு கூட்டத்தில் நாங்கள் பேசிய பேச்சு பரவிய வாரம், வசவு மெயில்கள் குவிந்தன. சாதிப் பெயர் சொல்லி, தாயை இழுத்து, ஆங்கில எழுத்தில் தமிழ் வசவு. தோழர்கள் கொதித்துப்போய் அத்தனையையும் குப்பை என்று பேயஸுக்குக் காட்டினார்கள். அது போதாது, அந்தச் சொற்களையே விதியாக்குவோம் என்றார் ஒருவர். வெப்மினில் நாமே விதி எழுத ஒரு பக்கம் உண்டே! ஐந்து சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. யாருக்கும் மறுப்பில்லை. இனி அந்தச் சொற்கள் எங்கள் பெட்டிக்குள் வராது.

பத்து நாள் கழித்துக் குப்பைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை எங்களைக் கூப்பிட்டாள். திருவள்ளூர் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் ஆங்கில எழுத்தில் எழுதிய கடிதம். டீக்கடை வாசலில் பத்துப் பேர் முன்னால் தன்னை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று, சொல்லுக்குச் சொல் எழுதியிருந்தான். எழுதத்தான் வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது பிரிவு 3(1)(எஸ்). எந்தச் சொல், எந்த இடம், யார் முன்னால் என்று புகாரில் இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். நாங்களே கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறோம்: கூசாதீர்கள், அவன் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள் என்று. கூசாமல் எழுதியவனின் கடிதத்தை எங்கள் விதி குப்பையில் போட்டிருந்தது. திட்டியவனின் மெயிலும் திட்டு வாங்கியவனின் மெயிலும் ஒரே சொற்களால் ஆனவை. வடிகட்டிக்குச் சொல் தெரியும். யார் வாயிலிருந்து வந்தது என்று தெரியாது.

1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் ஊர்க்காரர்களுக்கு அமெரிக்க இணைய நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறக்க முடியாமல் போனது. ஊர்ப் பெயரின் எழுத்துகளுக்கு நடுவில் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்ததாம். உலகம் சிரித்த கதை. எங்கள் கதையில் சிரிப்பு வரவில்லை.

ஐந்து விதிகளையும் அன்றே நீக்கினோம். பேயஸை அழித்து முதலிலிருந்து கற்பித்தோம். மொத்த சர்வருக்கும் ஒரே மூளை என்பதால், ஒருவர் கோபத்தில் கற்பித்தது எல்லாப் பெட்டிகளையும் பாதித்திருந்தது. பன்னிரண்டு புள்ளிக்கு மேல் போனதைத் தானாகவே குப்பையாகக் கற்றுக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. தப்பு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். அதை நிறுத்தினோம். இப்போது வசவு மெயில்கள் எங்கள் கணக்கில் குப்பை இல்லை. அவை சாட்சியம். நேரமும் ஐ.பி. முகவரியும் தலைப்பகுதியோடு தனிக் கோப்பில் சேர்கின்றன. அவற்றில் இரண்டு பிறகு காவல் துறைக்குப் போயின.

குப்பைப் பெட்டியை யார் பார்ப்பது என்பதிலும் சண்டை வந்தது. வடிகட்டிக்குக் கற்பிக்க வேண்டுமென்றால் ஒருவர் எல்லாக் கடிதத்தையும் திறந்து படிக்க வேண்டும். முதலில் தம்பி பார்த்தான், அவன் கையில்தானே வெப்மின் பாஸ்வேர்ட். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், தங்கைக்கு மட்டும் என்று தலைப்பிட்டு எழுதியது அவன் கண்ணில் பட்டுவிட்டது. அவனே எழுந்து வந்து சொன்னான், இனி நான் பார்க்க மாட்டேன் என்று. அன்றிலிருந்து பெண் தோழர்கள் இருவர் முறைவைத்துப் பார்க்கிறார்கள். நிர்வாகி என்றால் எல்லாப் பெட்டிக்கும் சாவி உண்டு என்பதை அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை.

சாவியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். 2019 ஆகஸ்டில் வெப்மினின் 1.890 பதிப்பில் எவனோ பின்வாசல் ஒன்றை நுழைத்திருந்தது வெளியே வந்தது. அதற்கு முந்தைய வருடமே, நிரலைத் தொகுக்கும் கணினிக்குள் புகுந்து செய்த வேலை. எங்களுடையது அதற்குப் பிந்தைய பதிப்பு. பாஸ்வேர்ட் காலாவதி வசதியை இயக்கியிருந்தால் அதுவும் திறந்திருக்கும். இயக்காமல் விட்டது எங்கள் சோம்பேறித்தனம், அதனால் தப்பினோம். மறுநாளே 1.930க்கு மாறி, பத்தாயிரமாவது போர்ட்டை வெளியுலகத்துக்கு மூடிவிட்டோம். நீங்கள் வைத்திருந்தால் நீங்களும் மூடுங்கள்.

நான்காம் பதிப்பில் இன்னொரு சின்ன மாற்றம். வெள்ளைப் பட்டியல், கறுப்புப் பட்டியல் என்ற சொற்களை எடுத்துவிட்டு வரவேற்புப் பட்டியல், தடைப் பட்டியல் என்று வைத்தார்கள். கறுப்பைச் சட்டையாக்கியவர்களின் மண்ணில் வளர்ந்த எங்களுக்கு அது பிடித்தது. பெயர் மாறியதால் பட்டியலில் ஒரு முகவரியும் மாறவில்லை என்று குமாஸ்தாத் தோழர் சொன்னதும் உண்மைதான்.

போன சனிக்கிழமை குப்பைப் பெட்டியில் எண்பத்தாறு இருந்தன. கடன் வேண்டுமா, கடன் வேண்டுமா என்று எண்பத்தைந்து. எண்பத்தாறாவதில் தலைப்பு இல்லை. உள்ளே சாய்ந்துபோன ஒரே ஒரு படம்; கையெழுத்து மனு, அடியில் கைபேசி எண். தங்கை படத்தைத் திருப்பிப் படித்துவிட்டு அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். ஆவடியிலிருந்து ஓர் அம்மா எடுத்தார். “மெயில் வந்துச்சாம்மா? என் பேரன்தான் போட்டான். வந்துச்சா?” என்று இரண்டு தடவை கேட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.